முதுகைப் படிக்கிறவர்

எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் சுடலைமாடத்தி முதலில் அதைத் திருப்பி முதுகைப் பார்க்கிறார். இராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறியதும் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் மகளிர் இலவச டிக்கெட்டுக்கும் இதே மரியாதைதான். "பின்னாடி ஒண்ணும் இல்ல மேடம், எல்லாம் முன்னாடிதான் அடிச்சிருக்கு" என்கிறார் கண்டக்டர். மாடத்தி தலையாட்டுகிறார். டிக்கெட்டை மடிக்காமல் கைப்பையின் பக்க அறையில் செருகிக்கொள்கிறார். மறுநாள் காலையில் இதே பேச்சு, இதே தலையாட்டல்.

ரப்பர் பேண்டைக் கண்டால் அவருக்கு ஆகாது. குண்டூசியும் செலோடேப்பும் அப்படித்தான். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையின் வாயில் பின் அடித்திருந்தால், பந்தலிலேயே நின்று நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். "எங்க வீட்டுல எதையும் கட்ட முடியாது சார்" என்கிறார் கணவர் லிங்கேஸ்வரன். நூற்பாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். "சாம்பார் பார்சல் வாங்கிட்டு வந்தா மொதல்ல ரப்பர் பேண்டத்தான் பிடுங்குவா. சாம்பார் கொட்டுனாலும் பரவாயில்ல. அது இறுகி ஒட்டிக்கிடுமாம். எதுல ஒட்டும்? இட்லியிலயா?"

வேலை, ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில். மாடியில் கடைசி அறை. கதவில் ‘ஆவணக் காப்பாளர்’ என்று எழுதியிருக்கிறது. மாணவர்கள் ஆர்க்கைவ்ஸ் மேடம் என்கிறார்கள். கேன்டீன்காரர் பழைய பேப்பர் மேடம் என்கிறார். எதற்கும் அவர் திரும்பிப் பார்க்கிறார். ‘எஸ். மாடத்தி’ என்று சுருக்கி வரும் சுற்றறிக்கைகளில் மட்டும், முழுப் பெயரைப் பென்சிலால் எழுதித் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்.

யாரோ ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த காகிதங்கள் சாக்கிலும் ட்ரங்குப் பெட்டியிலும் வந்து இறங்கும். மாடத்தி மின்விசிறியை நிறுத்துவார். கணவரின் பழைய சவர பிரஷ்ஷால் தூசி தட்டுவார். துருவேறிய பின்களை மூங்கில் சீவலால் கழற்றுவார். சத்திரப்பட்டியிலிருந்து வாங்கி வைத்திருக்கும் பேண்டேஜ் துணியை நாடாவாகக் கிழித்துக் கட்டுவார். எண் போடுவதெல்லாம் பென்சிலில். ஒன்றை மட்டும் செய்ய மாட்டார்: அடுக்கி ஒழுங்குபடுத்த மாட்டார்.

"வச்சவுக வச்சபடிதான் இருக்கணும். நம்ம புத்திசாலித்தனத்தைக் கொண்டுபோய் அதுக்குள்ள நொழைக்கக் கூடாது" என்பார். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரின் கோப்புக்குள்ளிருந்து ஒருமுறை கத்தரி விதைப் பொட்டலம் விழுந்தது. தாசில்தாரே வந்து, அது தவறி விழுந்தது, தூரப் போட்டுவிடுங்கள் என்றார். மாடத்தி போடவில்லை. அந்தப் பொட்டலத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. எந்த இரண்டு காகிதங்களுக்கு நடுவே கிடந்ததோ அதே இடத்தில் இன்றும் இருக்கிறது.

இப்படிப்பட்டவரின் அறைக்கு பால்ச்சாமியின் கம்பிகள் வந்தது ஒரு பொருத்தம்தான்.

பால்ச்சாமி இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் அச்சகம் வைத்திருக்கிறார். வாலிபத்தில் ஆரம்பித்தது. இன்றும் சுறுசுறுப்பாக ஓடுகிறது. எந்த வேலையானாலும் முதல் நல்ல பிரதியை எடுத்து, மை காயும்முன் ஒரு கம்பியில் குத்திவிடுவார். கம்பி நிறைந்தால் சுவரில் மாட்டிவிட்டு அடுத்த கம்பி. எதற்கு என்று யாராவது கேட்டால், "குத்தாட்டி கை நமநமங்குது" என்பார். நீளச் சுவர் ஒன்று அப்படியே நிறைந்துபோயிற்று. ராஜுக்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, அதன்மேல் கருமாதிப் பத்திரிகை, அதன்மேல் மாரியம்மன் கோயில் பூக்குழி நோட்டீஸ், சி.எஸ்.ஐ. சர்ச்சின் அசன விருந்து, மில் ஸ்ட்ரைக், சர்க்கஸ், காதுகுத்து, மறுபடி கருமாதி. ஊர் எந்த வரிசையில் வாழ்ந்ததோ அந்த வரிசை.

அந்தச் சுவருக்கு இப்போது வேறு உபயோகம் வந்துவிட்டது. மகன் விக்னேஷ்வரன் ஃப்ளெக்ஸ் மெஷின் வாங்கப்போகிறான். அதை நிறுத்த அந்தச் சுவர் வேண்டும். மாடத்தி போய்க் கேட்டபோது பால்ச்சாமி கொடுக்க ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு பேச்சுத்தான். "கம்பி வரிசை மாறக் கூடாது தாயி. மாறுச்சுன்னா எனக்கே திருப்பிரணும்."

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பது அவரைவிட மாடத்திக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையிலும் கருமாதிப் பத்திரிகையிலும் ஆண்டு, மாதம், தேதி, கிழமை எல்லாம் இருக்கும். மற்றவை ‘வருகிற வெள்ளிக்கிழமை மாலை மில் வாசலில்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எந்த வருடத்து வெள்ளிக்கிழமை? அதற்கு மேலும் கீழும் குத்தியிருக்கும் கல்யாணங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். கல்யாணத்தையும் சாவையும் தனியே உருவிவிட்டால் பாக்கி ஊர் முழுக்கத் தேதி இல்லாமல் போய்விடும்.

கம்பிகள் எல்லாம் துரு. அதே அளவில் துருப்பிடிக்காத கம்பி செய்து தரச் சொல்லி ஒரு லேத் பட்டறையில் கொடுத்துவிட்டு, மாடத்தி ஒரு பயிற்சிக்காகச் சென்னை போனார். அந்த வாரம் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பீட்டுக் கமிட்டி வருவதாகச் செய்தி வந்தது. நூலகர் ஜெர்வின் பதற்றக்காரர். உதவியாளர் செல்லக்கனியைக் கூப்பிட்டு, "மாடி ரூம்ல துருக்கம்பியா நீட்டிக்கிட்டு இருக்கு, யாரையாவது குத்திரப் போகுது, கொஞ்சம் க்ளீன் பண்ணி வைங்க" என்றார். சொன்னது அவ்வளவுதான்.

செல்லக்கனி கூமாப்பட்டிக்காரர். வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கம்பிகளைக் கழற்றினார். எல்லாவற்றையும் உருவினார். உருவும்போதுதான் அந்த அநியாயத்தைப் பார்த்தார்.

மாடத்தி திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அறை பினாயில் மணத்தது. கம்பிகள் மூலையில் முருங்கைக்காய்க் கட்டுப்போலச் சாய்ந்திருந்தன. கல்யாணப் பத்திரிகைகள் பீரோவுக்குள். கோயில், சர்ச், ஸ்ட்ரைக், சர்க்கஸ் எல்லாம் மேஜைமேல் ஒரே குவியல். கருமாதியும் சாவு நோட்டீஸும் அறைக்குள்ளேயே இல்லை. வெளியே, மாடிப்படி ஓரம், ஒரு சாக்குக்குள், துடைப்பத்தின் பக்கத்தில்.

"கல்யாணப் பத்திரிகைக்கு மேல கருமாதிப் பத்திரிகையக் குத்தி வச்சிருக்காக மேடம்" என்றார் செல்லக்கனி. "எந்த வீட்டுலயாவது இப்படி வப்பாகளா? எங்க ஊருல வாசல்ல நின்னு படிச்சிட்டு, அங்கனயே கிழிச்சுப் போட்டுட்டுத்தான் உள்ள வருவோம். நீங்க புள்ளகுட்டி உள்ளவுக. நாளெல்லாம் இந்த ரூமுலயே கெடக்கீக. அதான் நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம்னு பிரிச்சிட்டேன்."

பீரோவிலிருந்த கட்டுக்கு மேலாக இருந்த பத்திரிகையின் மூலையில் ஈர மஞ்சள்.

"இது எதுக்குக்கா?"

"மேல உள்ளதுக்கு மட்டுந்தான் மேடம். பூராத்துக்கும் வைக்க மஞ்சப்பொடி பத்தல."

மாடத்தி திட்டவில்லை. அழவும் இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். "திட்டியிருந்தாக்கூடத் தேவல" என்று செல்லக்கனி இன்றும் சொல்கிறார்.

ஜெர்வின் மாடிக்கு வந்தார். விஷயம் புரிந்ததும் அவர் முகமும் வெளுத்தது. ஆனால் அவர் நிர்வாகி. "பால்ச்சாமி சாருக்கு என்ன தெரியப் போகுது மேடம்? கைக்கு வந்தபடி கோத்து மாட்டிருங்க. தேதி உள்ளதத் தேதிப்படி வைங்க, இல்லாதத அங்கங்க சொருகிருங்க."

"அப்படிக் கோத்தா அது நம்ம வரிசை சார். நம்ம வரிசைய யாரு கேட்டா?"

அவர் முன்னாலேயே மாடத்தி போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, நான் மாடத்தி பேசுறேன். வரிசை கலைஞ்சு போச்சு."

மறுமுனையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ நிறுத்தினார்கள்.

"எம்புட்டு?"

"அம்புட்டும்."

"அப்ப லோடு ஆட்டோ அனுப்புறேன், ஏத்தி விடு தாயி. பேசுனது பேசுனதுதான்."

"ஏத்திக் கொண்டுபோய் எங்க வப்பீக? அந்தச் செவுத்துலதான் தம்பி மெஷின் எறக்கப் போறாகளே."

"எங்கயும் வைக்க மாட்டேன். எடைக்குப் போட்டுருவேன். கலைஞ்ச சீட்டுக்கட்ட வச்சு என்ன வெளாட?"

ஜெர்வின், போனை வாங்கித் தாம் பேசுவதாகச் சைகை காட்டினார். மாடத்தி கொடுக்கவில்லை.

"கொஞ்ச நாள் பொறுங்க அண்ணாச்சி. பழையபடியே கோத்துத் தாரேன்."

"அடிச்ச எனக்கே பூரா வரிசையும் நெனப்புல இல்ல. ஒனக்கு எப்படித் தாயி தெரியும்?"

"எனக்குத் தெரியாது. காகிதத்துக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "சரி. கம்பிகள மாட்டி ஆவணியில தெறப்பு விழான்னியே, அதுக்கு வாரேன். லோடு ஆட்டோவோட வாரேன். பூரா வரிசையும் எனக்குத் தெரியாதுதான். ஆனா ஒண்ணு ரெண்டு சாகுற வரைக்கும் மறக்காது. அத வச்சுப் பாத்துக்கிடுறேன்."

போனை வைத்த பிறகு மாடத்தி பீரோவைத் திறந்தார். பழக்கம் விடவில்லை. கைக்கு வந்த முதல் கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி முதுகைப் பார்த்தார். வெள்ளை. இன்னும் சற்று சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளை இல்லை. மங்கலாக ஒரு கறுப்புக் கட்டம். கட்டத்துக்குள் இடம் வலம் மாறிய எழுத்துகள்.

"அக்கா, ஒங்க கண்ணாடியக் குடுங்க."

செல்லக்கனியின் கைப்பையில் எப்போதும் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க. அதற்குள் பத்திரிகையின் முதுகைக் காட்டினார் மாடத்தி. கண்ணாடிக்குள் எழுத்துகள் நேரே திரும்பின. ஒரு மனிதரின் பெயர். பதினாறாம் நாள். ஊரார் உறவினர் அனைவரும் வருக.

மாடத்தி எழுந்து வெளியே ஓடினார். சாக்கைக் கவிழ்த்தார். படி ஓரம் முழுக்கச் சாவு. அதற்குள் உட்கார்ந்து தேடி, அந்தப் பெயருள்ள கருமாதிப் பத்திரிகையை எடுத்தார். அதன் முகத்தின்மேல் கல்யாணப் பத்திரிகையின் முதுகை வைத்தார். கட்டத்தின்மேல் கட்டம் உட்கார்ந்தது. துளையின்மேல் துளை உட்கார்ந்தது.

மை காயும்முன் குத்தியதால் ஒவ்வொரு தாளும் தன் கீழே இருந்ததைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருந்தது. கல்யாணம் கருமாதியைச் சுமந்திருந்தது. கருமாதி காதுகுத்தைச் சுமந்திருந்தது. பால்ச்சாமி சுவரில் மாட்டிய வரிசை முழுக்க முதுகுகளில் இருந்தது.

"ஆத்தாடி" என்றார் செல்லக்கனி. "கல்யாணப் பொண்ணு முதுகுல சாவ ஏத்தி வச்சிருக்காக." முதல் நாள் கிட்டே வரவில்லை. இரண்டாம் நாள் முந்தானையால் விரலை மூடிக்கொண்டு தொட்டார். அந்த வாரம் முடிவதற்குள் அவரை நிறுத்த முடியவில்லை. முதுகில் எதுவும் பதியாத தாள்களுக்குத் துளையைச் சுற்றிய துருக்கறையின் அகலத்தைப் பார்க்க வேண்டும், பூச்சி துளைத்துப் போன ஓட்டை அடுத்த தாளில் எங்கே தொடர்கிறது என்று பார்க்க வேண்டும். செல்லக்கனி கல்யாணத் தரகர் மாதிரி அறைக்குள் கூவினார். "மேடம், ஒரு கருமாதி ரெடியா இருக்கு. ஒல்லி. வலது பக்கம் துரு. பூச்சி ஓட்டை ரெண்டு. தோதா ஒரு கல்யாணம் இருந்தாச் சொல்லுங்க."

"ஒல்லியா ஒரு சர்ச் அசனந்தான் இருக்கு."

"வேற மதமா? பரவாயில்ல, துரு பொருந்துனாச் சரி."

ஒரு நாள் மதியம், சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தபடி மாடத்தி கீழே ஓடியதை நூலகமே பார்த்தது. ‘வருகிற வெள்ளிக்கிழமை மில் வாசலில்’ என்ற ஸ்ட்ரைக் நோட்டீஸுக்குக் கீழே ஒரு கல்யாணம் அமைந்துவிட்டது. மேலே ஒரு கருமாதியும். இரண்டும் ஒரே ஐப்பசி. ஜெர்வின் அறையில் ஏதோ கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மாடத்தி கதவைத் தட்டாமல் திறந்து, "சார், வெள்ளிக்கிழமைக்கு வருஷம் கெடச்சிருச்சு" என்றார். கூட்டத்திலிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெர்வின் எழுந்து நின்று கை கொடுத்தார். அதற்குப் பிறகு அவரும் மாலையில் மாடிக்கு வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதுகு பார்க்க ஆரம்பித்தார்.

ஆடி பாதியில் சர்க்கஸ் வந்தது.

சர்க்கஸ் நோட்டீஸ் இரண்டு பிரதிகள் இருந்தன. நீல மையில், முக்காலிமேல் நிற்கும் யானை. ஒரே நோட்டீஸ், எழுத்துக்கு எழுத்து அதேதான். ஒரு பிரதி தெளிவான நீலம், மற்றது அழுக்கு நீலம். அழுக்கு நீலத்தின் முதுகில் எதுவும் பதியவில்லை. தேவஇரக்கம் வாத்தியார் என்பவரின் மரண அறிவிப்பு ஒன்றும் இடம் கிடைக்காமல் தனியே நின்றது. அதன் முதுகில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வளைவு மட்டும். யானையின் தும்பிக்கையாக இருக்கலாம். ஏதோ ஒரு பத்திரிகையின் பூ வளையமாகவும் இருக்கலாம்.

மாடத்தி அதை இரண்டு சர்க்கஸுக்கும் நடுவில் வைத்தார். சர்க்கஸ், சாவு, மறுபடி சர்க்கஸ்.

"அர்த்தமே இல்லையே மேடம்" என்றார் ஜெர்வின். "ஒரு வேலைக்கு ஒரு பிரதிதான் குத்துவார்னு அவரே சொல்லியிருக்கார். ஒண்ணு கூடுதலாக் குத்தியிருந்தா ரெண்டும் ஒட்டித்தானே இருக்கும்? வாத்தியார எங்கிருந்தோ கொண்டுவந்து நடுவுல வைக்கிறீங்க. ஒரு வளைவ நம்பி."

"வளைவு மட்டும் இல்ல சார். ரெண்டாவது நீலம் ஏன் அழுக்கா இருக்கு? கறுப்பு அடிச்ச ரோலரச் சரியாத் தொடைக்காம நீலத்த ஏத்தியிருக்காக. அப்ப நடுவுல கறுப்பு ஓடியிருக்கு."

"மை அன்னிக்கே மட்டமா இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"அவர் வந்து முதல்ல பார்க்கிறது இந்தக் கம்பியா இருந்தா? இதுவே தப்புன்னு சொல்லி அம்புட்டையும் ஏத்திக்கிட்டுப் போயிருவார். சேர்த்தே வச்சிருங்க மேடம். யாரும் கேக்க மாட்டாங்க."

செல்லக்கனியும் அன்று ஜெர்வின் பக்கம். "ஜோடிய எதுக்குப் பிரிக்கணும்? யானையும் யானையும் சேந்து இருக்கட்டுமே."

மாடத்தி இரண்டு நாள் அந்தக் கம்பியைத் தொடவில்லை. வீட்டில் லிங்கேஸ்வரனிடம் கேட்டிருக்கிறார். அவர், "எனக்கு வயரிங் தெரியும், யானை தெரியாது" என்றிருக்கிறார். மூன்றாம் நாள் வந்து, மூன்று தாள்களையும் புதுக் கம்பியில் கோத்தார். சர்க்கஸ், சாவு, சர்க்கஸ். பென்சிலால் எண் போட்டார். மேலே அடுத்த தாள்களைக் கோத்து மூடிவிட்டார்.

ஆவணியில் திறப்பு விழா. பல்கலைக்கழகப் பதிவாளர் ரிப்பன் வெட்டினார். பால்ச்சாமி சலவை வேட்டி சட்டையில் வந்திருந்தார். சொன்னபடி லோடு ஆட்டோவும் வந்திருந்தது. நூலக வாசலில், பின்கதவு திறந்தபடி. ஓட்டுநர் இறங்கக்கூட இல்லை. மாணவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மேடையில் பால்ச்சாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "பேச்செல்லாம் இருக்கட்டும். கம்பி எங்க?" என்றார்.

மாடி அறையில் கம்பிகள் வரிசையாகத் தொங்கின. மாடத்தி ஒரு கம்பியை எடுக்கப் போனார். அவர் தடுத்தார். தானே எடுத்தார். புரட்டினார். மோந்து பார்த்தார். மாட்டினார். இன்னொன்றை எடுத்தார். நடுநடுவே ஏதாவது ஒரு பெயரைப் படித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். "இவன் கல்யாணத்துக்கு நான் மூணு தடவ ப்ரூஃப் திருத்துனேன். மாப்பிள்ள பேரையே மாத்திச் சொல்லிட்டுப் போயிருந்தான் மாமன்காரன்." அதையும் மாட்டினார். ஜெர்வின் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். செல்லக்கனி பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"இதெல்லாம் எனக்கே நெனப்பில்ல" என்றார் பால்ச்சாமி. "தேதிய வச்சு யாரும் கோத்துரலாம். சர்க்கஸ் எங்க?"

மாடத்தி போய் எடுத்துவந்தார்.

பால்ச்சாமி தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். நீல யானை. நிறுத்தினார். தள்ளினார். கறுப்புக் கட்டம். தேவஇரக்கம் வாத்தியார். அதையும் தள்ளினார். அழுக்கு யானை.

முதல் யானைக்குப் போய், மறுபடி அழுக்கு யானைக்குத் திரும்பி வந்தார். பிறகு நிமிர்ந்து, அதட்டுகிற குரலில் கேட்டார்.

"ஏன் தாயி, ரெண்டும் ஒரே நோட்டீஸ்தான? ஒண்ணா வச்சா என்ன?"

ஜெர்வின் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணா இல்லையே அண்ணாச்சி" என்றார் மாடத்தி. "நீங்க அப்படிக் குத்தல."

பால்ச்சாமி கம்பியைப் பார்த்தார், மாடத்தியைப் பார்த்தார். "குத்தலதான்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"சர்க்கஸ்காரன் அவசரம்னு நிக்கான். மிஷின் ஓடிக்கிட்டு இருக்கு. வாத்தியாரோட மருமகன் மூச்சு வாங்க ஓடியாறான். சாயங்காலம் அடக்கம், அதுக்குள்ள ஊரு பூரா நோட்டீஸ் போகணுங்கான். எனக்கு அவர்தான் எழுத்துச் சொல்லிக் குடுத்தவர். சர்க்கஸ எறக்கு, வாத்தியார ஏத்துன்னுட்டேன். சர்க்கஸ் மேனேஜர் மலையாளத்துல வஞ்சான் பாரு, இன்னிக்கும் அர்த்தம் தெரியாது. ரோலர அரைகுறையாத் தொடச்சிட்டு அடிச்சோம். முடிஞ்சதும் மறுபடி சர்க்கஸ். புதுசா ஏத்துனா மொதப் பிரதி கம்பிக்குத்தான? குத்திட்டேன்." அழுக்கு யானையை விரலால் தட்டினார். "இது எனக்கும் மிஷினுக்கும் தவிர ஒருத்தனுக்கும் தெரியாது. எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

பீரோவுக்குப் பின்னாலிருந்து செல்லக்கனி குலவை போட்டார். பதிவாளர் துள்ளிவிட்டார். ஜெர்வின், எதற்கென்று தெரியாமலேயே கைதட்டிய மாணவர்களோடு சேர்ந்து பலமாகக் கைதட்டினார்.

பால்ச்சாமி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு கையில் போன், மறுகையில் கம்பி. அறை முழுக்கக் கேட்கும்படி பேசினார். "ஏலே விக்னேஷு, செவுத்துல மிஷின எறக்கிக்கோ. ஆமலே, இன்னிக்கே. லோடு ஆட்டோ சும்மாதான் வருது. என்னது? அட, இங்க இருக்கட்டும்லே, நம்மகிட்ட இருந்ததவிட..." பேச்சின் வேகத்தில் கம்பியைக் காற்றில் ஆட்டினார். தாள்கள் படபடத்தன.

மாடத்தி அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. அருகில் போய், அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, கம்பியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். சுவரில் அதன் ஆணியில் மாட்டி, ஆட்டம் நிற்கும்வரை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.